பழைய கதவு என்ன பாவம் செய்தது?

"கதவுக்கெல்லாம் வயர் இழுக்காதீங்க சார், இது பழைய வண்டி." மாருதி 800, அம்பாசடர், பத்மினி என்று எதை வைத்திருந்தாலும் இந்த அறிவுரை வீடு தேடி வரும். ஒர்க்‌ஷாப் மெக்கானிக் சொல்வார், பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிப்பவர் சொல்வார், கார் வாங்கியே பழக்கமில்லாத மைத்துனர் எல்லோரையும்விட அழுத்தமாகச் சொல்வார். காரணம் கேட்டால் நான்கு வரும். தீப்பிடிக்கும். பேட்டரி தாங்காது. ஓட்டை போட்டால் தகடு துருப்பிடிக்கும். வண்டியின் ஒரிஜினல் தன்மை போய்விடும். இத்தனை பேர் ஒரே குரலில் சொல்வதால் இது அனுபவத்தின் சாரம் என்று நாமும் தலையாட்டிவிடுகிறோம். எனக்கு இதில் அனுபவம் பாதி, சோம்பல் பாதி என்றுதான் தெரிகிறது. எங்கே பிழை நடந்தது என்று தேட மனமில்லாதவர்கள் அந்த இடத்துக்கே போகாதே என்று பலகை மாட்டிவிட்டார்கள்.

இது ஏதோ ஆடம்பரப் பிரியர்களின் கவலை என்று நினைத்துவிட வேண்டாம். மாருதி 800 முதலில் வந்தது 1983 டிசம்பரில். உற்பத்தி நின்றது 2014 ஜனவரியில். அம்பாசடருக்கும் அதே 2014-இல்தான் உத்தரபாரா ஆலையில் கதவடைத்தார்கள். ஆக, இவற்றில் கடைக்குட்டிக்கே பத்து வயது தாண்டிவிட்டது. பெரும்பாலானவை கதவுக்குள் ஒரு வயர்கூட இல்லாமல் வெளிவந்தவை. கண்ணாடியைக் கையால் சுற்ற வேண்டும். ஒவ்வொரு கதவுக்கும் தனிக் குமிழ்ப் பூட்டு. முழங்கை தேய்ந்த அம்மாவுக்கு அந்தக் கைப்பிடி தினசரித் தண்டனை. பின்கதவுக் குமிழை அழுத்தினோமா இல்லையா என்ற சந்தேகத்தில் பார்க்கிங்கிலிருந்து பாதி வழி திரும்பி வருகிறவர்கள் எத்தனை பேர்! அவர்கள் ஒரு சென்ட்ரல் லாக்கும் முன்கதவில் இரண்டு ஸ்பீக்கரும் கேட்டால், "வேற வண்டி வாங்கிக்கோங்க" என்பதா பதில்?

முதல் காரணத்தை எடுத்துக்கொள்வோம். தீ. பயப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் பழைய காரில் தீக்கு மிக நெருக்கமாக இருப்பது எது? அம்பாசடரின் மூதாதையான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காலத்துப் பிரிட்டிஷ் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டே ஃபியூஸ். ஹெட்லைட்டுக்கும் இக்னிஷனுக்கும் போகும் வயர்களுக்கு ஃபியூஸே கிடையாது. அந்த இரண்டு ஃபியூஸிலும் 35 ஆம்பியர் என்று எழுதியிருக்கும். லூகாஸ் கம்பெனி எழுதிய 35 என்பது உருகிப்போகும் அளவு; தொடர்ந்து தாங்குவது அதில் பாதிதான். இது தெரியாமல் வேறு கம்பெனியின் 35 ஆம்பியர் ஃபியூஸை அங்கே போட்டால், அது தொடர்ந்து 35 தாங்கும், வயர் தாங்காது. இதற்கும் மேலே போய், ஃபியூஸ் எரிந்த இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வண்டியை ஓட்டிய தலைமுறை நம்முடையது. இன்சுலேஷன் மொறுமொறுத்துப்போன பல பத்தாண்டு வயர்கள் டேஷ்போர்டுக்குப் பின்னால் கிடக்க, அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர், நேற்று வாங்கிய புது வயரைக் கண்டு தீ என்கிறார். பேட்டரிக்குப் பக்கத்திலேயே தனி ஃபியூஸ் வைத்து, தனியாக இழுத்த புது வயர்தான் அந்த வண்டியிலேயே மிகப் பத்திரமான வயர். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

வெளியே வாங்கி மாட்டியவற்றால் கார்கள் எரிந்ததே இல்லையா என்று கேட்கலாம். எரிந்திருக்கின்றன. எப்படி மாட்டினார்கள் என்று பாருங்கள். சிகரெட் லைட்டருக்குப் போகும் வயரையோ ஹாரன் வயரையோ நடுவில் சீவி, புது வயரைச் சுற்றி, கறுப்பு டேப் ஒட்டிவிடுவது. ஃபியூஸ் வைத்தாலும் மோட்டாருக்குப் பக்கத்தில், கதவுக்குள்ளே வைப்பது. ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வரைக்கும் உள்ள வயருக்குக் காவலே இல்லை. கதவுக்குள் ஃபியூஸ் வைத்தால், கீல் அருகே வயர் உரசித் தகட்டைத் தொடும்போது அந்த ஃபியூஸ் வேடிக்கைதான் பார்க்கும். இதெல்லாம் வேலை செய்தவரின் குற்றம். பழி மட்டும் வண்டியின் வயது மேல் விழுகிறது.

அடுத்தது, பேட்டரி தாங்காது என்பது. இதைச் சொல்பவர்கள் யாரும் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. கண்ணாடியை ஏற்றும் மோட்டார் தோராயமாக 10 ஆம்பியர் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து விநாடியில் கண்ணாடி மேலே போய்விடும். வண்டியைக் கிளப்ப ஸ்டார்ட்டர் மோட்டார் 100 ஆம்பியருக்கும் மேலே இரண்டு விநாடி இழுக்கிறது. ஒரு முறை ஸ்டார்ட் செய்யும் செலவில் நான்கு முறையாவது கண்ணாடியை ஏற்றலாம். பூட்டை இழுக்கும் சின்ன மோட்டாரான ஆக்சுவேட்டர் வேலை செய்வதோ ஒரு விநாடிக்கும் குறைவு. பழைய அம்பாசடரில் ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ இருந்தால் சார்ஜ் குறைவுதான். இரவில் ஹெட்லைட்டும் வைப்பரும் ஓடும்போது மிச்சம் அதிகம் இருக்காது. அந்த வண்டியில் பெரிய ஆம்ப்ளிஃபயர் வைக்காதே என்று சொன்னால் நானும் கைதூக்குவேன். பூட்டுக்கும் கண்ணாடிக்கும் அந்த வாதம் செல்லாது. (மிகப் பழைய வண்டி என்றால் பாசிட்டிவ் எர்த்தா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பிளஸ் முனையைப் பாடியில் கட்டிய வண்டியில் இன்றைய சென்ட்ரல் லாக் பெட்டியை அப்படியே இணைத்தால் அது அன்றே போய்ச் சேரும்.)

தாங்காதது பெரும்பாலும் பேட்டரி அல்ல, கடைக்காரர் எடுத்த மெல்லிய வயர். பேட்டரியிலிருந்து கதவுக்குப் போய் எர்த்துக்குத் திரும்ப ஆறு மீட்டர் வயர் என்று கொள்வோம். அரை சதுர மில்லிமீட்டர் வயரில் 10 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே இரண்டு வோல்ட் போய்விடும். மோட்டார் முக்கி முனகிக் கண்ணாடியை ஏற்றும். உடனே "பழைய பேட்டரி சார்" என்பார்கள். அதே தூரத்துக்கு இரண்டரை சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழே. மீட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் வண்டிக்கு வந்த கெட்ட பெயர் இது.

இப்போது கீலுக்கு வருவோம். என் சண்டை முழுவதும் உண்மையில் இந்த நான்கு விரற்கடை இடத்தைப் பற்றியதுதான். வண்டியின் உடலில் ஓடும் வயர் அசையாது, கதவுக்குள் இருக்கும் வயரும் அசையாது. நடுவில், கீல் பூட்டியிருக்கும் தூணிலிருந்து கதவுக்குத் தாவும் அந்தச் சின்னத் துண்டு மட்டும் கதவைத் திறக்கும்போதெல்லாம் வளைகிறது. வாடகை வண்டி என்றால் ஒரு கதவு நாளைக்கு இருபது முறை திறப்பது சாதாரணம். வருஷத்துக்கு ஏழாயிரம் தாண்டிவிடும். ஒரே புள்ளியில் அத்தனை முறை மடங்கினால் எந்தச் செம்பும் அறுந்துபோகும். "அதனாலதான் வேண்டாங்கிறோம்" என்று எதிர்த்தரப்பு இங்கே குதிக்கும். பொறுங்கள். இன்று ஓடும் புதுக் கார்கள் பெரும்பாலானவற்றில் இதே இடத்தில் பத்து, இருபது வயர் தாவுகின்றன. அவை வருஷக்கணக்கில் தாங்குவது எப்படி?

தூணில் ஒரு துளை, கதவில் ஒரு துளை. இரண்டையும் நேருக்கு நேர், ஒரே உயரத்தில் போட்டால் கதவை மூடும்போது வயர் நடுவில் ஒடிந்து மடங்கும். நம் ஊரில் பெரும்பாலும் நடப்பது இதுதான், ஏனென்றால் கண்ணால் பார்த்தால் அதுதான் ஒழுங்காகத் தெரியும். ஒன்றைச் சற்று மேலே, மற்றதைச் சற்றுக் கீழே போட்டு, நடுத்துண்டு கீலின் அச்சோடு சேர்ந்து மேலிருந்து கீழாக ஓடும்படி விட்டால், கதவு திறக்கும்போது அந்தத் துண்டு மடங்காமல் தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும். மடிப்பில் ஒரு புள்ளி வாங்க வேண்டிய அடியை, முறுக்கில் வயர் தன் முழு நீளத்துக்கும் பங்கிட்டுக்கொள்கிறது. வயரும் இழை மிகுந்ததாக இருக்க வேண்டும். கடையில் 14/36, 23/36, 40/36 என்று கேட்கிறோமே, முன் எண் இழைகளின் எண்ணிக்கை, பின் எண் இழையின் கேஜ். 36 கேஜ் என்றால் ஓர் இழை 0.2 மில்லிமீட்டருக்கும் மெல்லியது. வளைவில் இழை எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு ஆயுள். இதற்குப் பதில் காலிங் பெல்லுக்கு இழுத்து மீந்த ஒற்றைக் கம்பியைக் கதவுக்கு விட்டவர்களும் உண்டு. அது சில மாதம் ஓடினாலே அதிசயம்.

அந்தத் தாவலுக்கு மேல் ரப்பர் பெல்லோஸ், அதாவது மடிப்பு மடிப்பான ரப்பர் உறை, வேண்டும். அதை யாரும் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. பவர் விண்டோவோடு வந்து உடைப்புக்குப் போன கார்களின் கதவிலிருந்து எடுத்த பெல்லோஸ் சென்னை புதுப்பேட்டையிலும் கோவை உக்கடத்திலும் தேடினால் கிடைக்கும். அதன் வாய் அளவைப் பார்த்துத் துளையைப் போட வேண்டும். துளையைப் போட்டுவிட்டு பெல்லோஸ் தேடுவது தலைகீழ் வேலை. இன்னொன்று: கதவைக் கழற்றாமல் அந்தச் சந்துக்குள் ட்ரில்லிங் மெஷின் நேராக நுழையாது. சாய்த்துப் பிடித்துத் துளைப்பார்கள். துளை முட்டை வடிவமாகும். ரப்பர் அதில் சரியாக உட்காராது. ஒரு பக்கம் தகட்டின் கூர்விளிம்பு வயரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். கீல் போல்ட்டில் பூட்டிய வண்டி என்றால், கீலைச் சுற்றி ஒரு கோடு கீறி அடையாளம் வைத்துக்கொண்டு கதவை இறக்குவதுதான் முறை. இரண்டு பேர் பிடிக்க வேண்டும், அரை நாள் போகும். "பழைய வண்டி வேண்டாம் சார்" என்ற அறிவுரைக்குப் பின்னால் ஒளிந்திருப்பது பெரும்பாலும் இந்த அரை நாள்தான் என்று சொன்னால் எலக்ட்ரீசியன்கள் என்னோடு சண்டைக்கு வரக்கூடும். வரட்டும்.

பழைய வண்டிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். கீல் பின் தேய்ந்து கதவு இறங்கியிருக்கும். மூடும்போது தூக்கி மூட வேண்டிய கதவில் இன்று அளவெடுத்து வயர் இழுத்தால், நாளை கதவு இன்னும் இறங்கும்போது வயர் இடுக்கில் மாட்டும். முதலில் டிங்கரிடம் போய்க் கீலைச் சரிசெய்துவிட்டுத்தான் எலக்ட்ரீசியனிடம் போக வேண்டும். இந்த வரிசையை ஒருவர் சொல்லியும் நான் கேட்டதில்லை.

கீலைத் தாண்டும் வயரின் எண்ணிக்கையைக் குறைப்பதும் ஒரு வழி. கண்ணாடி ஸ்விட்சைக் கதவில் வைத்தே தீர வேண்டும் என்று யார் சொன்னது? இரண்டு சீட்டுக்கும் நடுவே வைத்தால் ஒவ்வொரு கதவுக்கும் மோட்டாருக்கான இரண்டே வயர். கடையில் வரும் சென்ட்ரல் லாக் செட்டில் ஓட்டுநர் கதவுக்கு ஐந்து வயர் ஆக்சுவேட்டர், மற்றவற்றுக்கு இரண்டு வயர். ஸ்பீக்கருக்கு இரண்டு. அவ்வளவுதான். ஸ்பீக்கருக்கு ஒரு வயர் போதும், மற்றது பாடியில் கட்டிக்கொள்ளலாம் என்ற பழைய ரேடியோ காலத்து வழக்கத்தை மட்டும் மறந்துவிடுங்கள். இன்றைய ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கரின் மைனஸும் எர்த் கிடையாது. அதைத் தகட்டில் தொட்டால் ஸ்டீரியோவுக்கு ஆபத்து.

தண்ணீர் பற்றி யாரும் பயமுறுத்துவதில்லை. பயமுறுத்த வேண்டியது அதுதான். கார் கதவு உள்ளே நனையும் பொருள். கண்ணாடியின் ஓரமாக இறங்கும் மழைத் தண்ணீர் கதவுக்குள் போய், அடியிலுள்ள துளைகள் வழியாக வெளியேறுவதாகத்தான் வடிவமைத்தே இருக்கிறார்கள். அதனால் கதவுக்குள் டேப் சுற்றிய இணைப்பு என்பது கூடாத காரியம். நம் ஊர் வெயிலில் டேப்பின் பசை உருகி வழிய, அடுத்த மழைக்கு இணைப்பு பச்சை பூத்துவிடும். ஸ்பீக்கர் மாட்டுவதற்காக டோர் பேடுக்குப் பின்னாலிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்துத் தூக்கி எறிகிறார்களே, அந்தத் தாள்தான் தண்ணீரையும் பேடையும் பிரித்து வைத்திருந்தது. வயர் துளைக்குள் நுழையும் முன் ஒரு தாழ்ந்த வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

இதில் வயதுக்குச் சம்பந்தமில்லை என்பதற்கு ஹோண்டாவே சாட்சி. 2010 ஜனவரியில் அந்நிறுவனம் ஜாஸ், சிட்டி வகைக் கார்களை உலகெங்கும் ஆறு லட்சத்துக்கும் மேல் திரும்ப அழைத்தது. இந்தியாவிலும் எட்டாயிரத்துக்கு மேற்பட்ட சிட்டி கார்கள் அதில் அடக்கம். ஓட்டுநர் பக்கத்து பவர் விண்டோ ஸ்விட்சுக்குள் தண்ணீர் இறங்கித் தீப்பிடிக்கலாம் என்பதுதான் காரணம். 2012-இல் டொயோட்டா எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை அழைத்ததும் ஓட்டுநர் கதவிலிருந்த பவர் விண்டோ ஸ்விட்சுக்காகவே. இரண்டும் ஆலையிலேயே பூட்டி வந்த பொருட்கள். யாரும் புதுக் கார்க் கதவில் வயரே கூடாது என்று கிளம்பவில்லை. ஸ்விட்சைச் சரிசெய்தார்கள்.

சொல்லப்போனால் புதுக் காரைவிடப் பழைய கார்தான் இந்த வேலைக்குத் தோதானது. பக்கவாட்டு ஏர்பேக், அதற்கான சென்சார், கம்ப்யூட்டரோடு பேசும் வயர்கள், வாரன்டி என்று எதுவும் அங்கே குறுக்கே நிற்காது. டோர் பேடைக் கழற்றினால் கண்ணாடி மெஷினும் பூட்டுக் கம்பியும் நிறைய வெற்றிடமும்தான். இந்த வெற்றிடத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், ஏர்பேக் நிறைந்த புதுக் காரில் கதவைப் பிரித்து ஸ்பீக்கர் மாற்றக் கூசுவதில்லை என்பது எனக்குப் புரியாத விஷயம்.

துருவைப் பற்றிச் சுருக்கமாக. துளையால் தகடு கெடாது, துளையின் பச்சை விளிம்பால் கெடும். வட்ட அரத்தால் பிசிறை எடுத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துக் காயவிட்டு, அதன்மேல் பெயின்ட், அதன்மேல் ரப்பர். பத்து நிமிஷ வேலையும் ஒரு மணி நேரக் காத்திருப்பும். பழைய கதவுகள் அழுகுவது அடியிலுள்ள வடிதுளைகள் மண்ணடைத்துத் தண்ணீர் தேங்குவதால். அதைக் குச்சியால் குத்தி வருஷத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்யாதவருக்கு ஒரு புதுத் துளையைப் பற்றிக் கவலைப்பட உரிமையில்லை. கீலுக்கும் சீட் பெல்ட்டுக்கும் பலம் தர இரட்டைத் தகடு வைத்த இடத்தில் துளைக்கக் கூடாது என்பது மட்டும் சரியான எச்சரிக்கை. பல வண்டிகளில் துளைக்கவே வேண்டியிருக்காது. உயர்ந்த மாடலில் பவர் விண்டோ தந்த கம்பெனி, கீழ் மாடலிலும் அதே தகட்டை அழுத்தி, துளையை ரப்பர் மூடியால் அடைத்து அனுப்பியிருக்கும். கம்பளத்தை விலக்கிப் பார்த்தால்தானே தெரியும்?

ஒரிஜினல் வாதம் கடைசி. கோவை ஜீடி கார் அருங்காட்சியகத்தில் நிற்க வேண்டிய தரத்தில் உங்களிடம் ஒரு வண்டி இருந்தால், தயவுசெய்து ட்ரில்லிங் மெஷினை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். ஆனால் தெருவில் நிற்கும் 2004 மாடல் 800-க்கு அந்தப் புனிதம் எங்கிருந்து வந்தது? அதில் சீட் கவர் மாறிவிட்டது, ஹாரன் மாறிவிட்டது, பம்பரில் இரும்புக் குழாய் ஏறிவிட்டது, பின்கண்ணாடிப் பலகையில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இரண்டு ஸ்பீக்கர் உட்கார்ந்திருக்கின்றன. இத்தனைக்கும் அசையாத ஒரிஜினல் பக்தி, அம்மாவுக்குக் கண்ணாடி மோட்டார் என்றதும் மட்டும் விழித்துக்கொள்கிறது. வீட்டில் தினமும் ஓடும் வண்டி, ஓட்டுபவருக்கு வசதியாக இருந்தால்தான் இன்னும் சில வருஷம் வீட்டில் இருக்கும். இல்லையென்றால் போகிற இடம் அதே புதுப்பேட்டை.

ஆகவே, அடுத்த முறை "பழைய வண்டி, வேண்டாம்" என்று யாராவது சொன்னால் வாதாட வேண்டாம். மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள். ஃபியூஸை எங்கே வைப்பீர்கள்? தூணிலும் கதவிலும் துளை எந்தெந்த உயரத்தில் வரும்? பெல்லோஸ் எங்கிருந்து எடுப்பீர்கள்? "பேட்டரி பக்கத்துல, ஒண்ணு மேல, ஒண்ணு கீழ, பழைய கதவுல இருந்து எடுத்து வச்சிருக்கேன்" என்று பதில் வந்தால், அரை நாள் கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்து வண்டியை விட்டுவிட்டு வாருங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று வந்தால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். புது வண்டியாக இருந்தாலும்தான்.